மாமா வண்டியா, மாப்பிள்ளை வண்டியா

என் கல்யாணத்துக்கு அப்பா ஒரு கார் கொடுத்தார். எனக்கு இல்லை, மாப்பிள்ளைக்கு. கல்யாணம் எனக்கும் சேர்த்துத்தான் நடந்தது என்பதை அன்றைக்கு நினைவில் வைத்திருந்தவர்கள் ஐயரும் சமையல்காரரும் மட்டும்தான். மற்ற எல்லோரும் மண்டப வாசலில் ரிப்பன் கட்டி நின்ற காரைச் சுற்றி நின்றார்கள். தெர்மோகோலில் ஒரு முழ நீளத்துக்குச் சாவி வெட்டி, வெள்ளிக் காகிதம் ஒட்டி, அதை அப்பா கொடுக்க மாப்பிள்ளை வாங்க, போட்டோகிராபர் திரும்பத் திரும்பக் கொடுக்கவும் வாங்கவும் வைத்தார். அந்தப் போட்டோவில் நான் ஓரத்தில் பாதி முகத்தோடு இருக்கிறேன்.

புது வண்டி இல்லை. வேலூரில் ஒரு டாக்டர் ஓட்டியது என்று சொல்லி விற்றார்கள். பழைய கார் விற்கிறவர்களிடம் இருக்கும் எல்லாக் காரும் டாக்டர் ஓட்டியதுதான். அப்பாவுக்குக் காவேரிப்பாக்கம் ஏரித் தண்ணீர் பாயும் ஊரில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் பாதியை விற்றுத்தான் இந்தக் காரை வாங்கினார். மீதிப் பாதிதான் அவருக்குச் சோறு. அந்த மீதிப் பாதியை நினைத்துத்தான் பின்னால் நான் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன்.

கார் அப்பா பெயரிலேயே இருந்தது. அதற்குக் காரணம் என் பெரியப்பாவின் மூளை. "வண்டி உன் பேர்லயே இருக்கட்டும்டா. நாளைக்குப் பொண்ண ஒழுங்கா வெச்சிக்கலன்னா வண்டிய இட்டுகினு வந்துடலாம்" என்றார். வண்டியை இட்டுக்கொண்டு வருவார்களாம். என்னை இட்டுக்கொண்டு வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆம்பூரில் என் மாமியாருக்கும் மூளை உண்டு. "பேர்ல இன்னா கீது? சாவி நம்மகிட்டதானே கீது" என்றார். இப்படிப் பேர் அங்கே, சாவி இங்கே என்று பிரித்துக்கொண்டு, எதிராளியை ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு வீட்டாரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கிடையாது. சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பிட்டீங்களா மாமா" என்பதோடு சரி. அதற்கு மேல் எதுவானாலும் நடுவில் ஒரு பொம்பளை வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த உத்தியோகம் முழுவதும் என் தலையில் விழுந்தது. அப்பா வீட்டுக்கு வந்தால் என் கணவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிடுவார், டிவி சத்தத்தைக் குறைப்பார், பிறகு மாடிக்குப் போய்விடுவார். அப்பா கீழே உட்கார்ந்து, "மாப்பிள்ளைக்கு உடம்பு பரவால்லியாம்மா?" என்று என்னைக் கேட்பார். மாடிப்படி ஏறிக் கேட்டுவந்து சொல்ல வேண்டும். நான் ஷூ கம்பெனியில் பைனல் செக்கிங். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை. வீட்டுக்கு வந்தால் இந்தத் தபால் வேலை.

வாங்கும்போது காருக்கு இருந்த இன்சூரன்ஸ் ஒரு நாள் முடிந்தது. முடியப்போகிறது என்ற செய்தி அப்பாவின் பட்டன் போனுக்கு இங்கிலீஷில் வந்தது. அவருக்கு இங்கிலீஷில் வருவதெல்லாம் லோன் வேணுமா என்று கேட்கிறவர்கள். பிறகு ஒருவர் போன் செய்தே சொல்லியிருக்கிறார். "அது மாப்பிள்ளை வண்டிங்க" என்று சொல்லி அப்பா போனை வைத்துவிட்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. என்னிடம் வந்தார்.

"ஏம்மா, வண்டிக்கு ஏதோ கட்டணுமாமே. மாப்பிள்ளைக்குத் தெரியும்ல?"

"நீயே ஒரு போனப் போட்டுக் கேளேன்ப்பா."

"சேச்சே. குடுத்த வண்டிக்குக் கணக்குக் கேக்கற மாதிரி ஆயிடும்."

நான் மாடிக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன்.

"வண்டி உங்க அப்பா பேர்லதானே இருக்குது? அவருதான் கட்டணும்" என்றார்.

"அப்ப அவருகிட்ட சொல்லுங்க."

"நான் எப்பிடிச் சொல்றது? சீர் குடுத்தவருகிட்ட இன்னும் குடுன்னு கேக்கற மாதிரி இருக்கும்."

இதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்பது மட்டும்தான் அவர் காதில் ஏறியது. தலையை ஆட்டினார். அப்பா தலையை ஆட்டினார் என்று என் கணவரிடம் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை கட்டிவிடுவார் என்று இவரும், மாமா கட்டிவிடுவார் என்று அவரும் நிம்மதியானார்கள். நீ கட்டித் தொலைத்திருக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டியரிங்கில் கை வைத்தால் "அலைன்மென்ட் போயிடும்" என்று கத்துகிற வீட்டில் இன்சூரன்ஸ் மட்டும் என் பொறுப்பா?

மற்றபடி அந்தக் காருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு டயருக்கு எலுமிச்சை, முன்னால் பிள்ளையார், பின்னால் திருஷ்டிக் கயிறு, தோல் பதனிடும் ஷாப்பில் என் கணவரோடு வேலை செய்யும் தோஸ்த் ஒருவர் தர்காவிலிருந்து கொண்டுவந்து கட்டிய தாயத்து. எல்லா சாமியும் காவல் இருந்தன. கட்ட வேண்டியதை மட்டும் யாரும் கட்டவில்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு வரிசை எடுத்துவர நாங்களே காரில் போனோம். பஸ்ஸில் அப்பா தூக்கிக்கொண்டு வர வேண்டாமே என்று என் கணவருக்கு நல்லெண்ணம். அப்பா வழக்கம்போல வாரி ஏற்றினார். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு பெரிய பூசணிக்காய், ஒரு கட்டுக் கரும்பு. கரும்பு வண்டிக்குள் அடங்கவில்லை. பின் சீட்டில் குறுக்கே போட்டு, இடது பக்க ஜன்னல் வழியாக நுனியை வெளியே விட்டார்கள். தோகை காற்றில் ஆடியது. பார்க்க ஊர்வலம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. "கரும்பு வெளிய நீட்டிகினு இருக்குதே" என்று நான் சொன்னேன். "சாயங்காலத்துக்குள்ள போய்ட்லாம்" என்றார் என் கணவர். நான் சொன்னதற்கும் அவர் பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பள்ளிகொண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் டீ குடிக்கலாம் என்று ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கினோம். முன்னால் ஒரு பெண் மொபெட்டில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். என் கணவர் அவளை ஒட்டியே தாண்டினார். கரும்பு பட்டதா, காரின் பக்கத்துக் கண்ணாடி பட்டதா என்று பின்னால் வக்கீல்கள் ஆராய்ச்சி செய்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு சத்தம். இறங்கி ஓடினேன். மொபெட் அவள் இடது காலின்மேல் கிடந்தது. அதைத் தூக்கிய பிறகு பார்த்தேன். ஒரு கால் அந்தக் கோணத்தில் இருக்கவே கூடாது. எனக்குப் பயத்தில் அழுகை வந்தது.

அவள் அழவில்லை. டிபன் பாக்ஸ் திறந்து சோறு மண்ணில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு, "கம்பெனி பஸ்ஸு போய்ட்ச்சிக்கா, அதான் வண்டில வந்தேன்" என்றாள். அவள் ஏதோ தப்புச் செய்துவிட்டது போலவும், நான் காரணம் கேட்டது போலவும் சொன்னாள். அவளும் ஷூ கம்பெனிதான், வேறு கம்பெனி, தையல் மெஷினில் உட்காருகிறவள். கூட்டம் கூடிவிட்டது. பாதிப் பேர் அவளைத் தூக்கினார்கள், பாதிப் பேர் போட்டோ எடுத்தார்கள், ஒருத்தர் மட்டும் காரிலிருந்து உருண்டு விழுந்த பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் அவளோடு ஆம்புலன்சில் ஏறினேன். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, கம்பி வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவள் வீட்டு ஆட்கள் வந்த பிறகு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கரும்பு இன்னும் ஜன்னலில்தான் இருந்தது. எஸ்.ஐ. பேப்பர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்சூரன்ஸ் முடிஞ்சி ஒரு வருஷம் தாண்டிட்ச்சி. தெரியுமா தெரியாதா?"

"வண்டி மாமா பேர்ல இருக்குது சார்" என்றார் என் கணவர்.

"யார் பேர்லன்னு நான் கேக்கலியே."

ஓனரை வரச்சொன்னார்கள். அப்பா பஸ் பிடித்து, கையில் மஞ்சப்பையோடு வந்தார். போனில் சொன்னது பாதிதான் காதில் விழுந்து, எனக்குத்தான் கால் உடைந்துவிட்டது என்று நினைத்து வந்திருக்கிறார். நான் இரண்டு காலிலும் நிற்பதைப் பார்த்ததும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி யாருது?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"மாமா வண்டி சார்" என்றார் என் கணவர். "மாப்பிள்ளை வண்டிங்க" என்றார் அப்பா. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. எங்கள் தெருவில் அதை "என் வண்டி" என்பதைத் தவிர வேறு மாதிரி என் கணவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு யாராவது அதன்மேல் சாய்ந்து நின்றால்கூட "என் வண்டிமேல சாயாத" என்பார். அன்றைக்குத்தான் அது மாமா வண்டியானது.

எஸ்.ஐ.க்கு இப்படிப்பட்ட குடும்பங்கள் பழக்கம் போலிருக்கிறது. பொறுமையாகச் சொன்னார். "வண்டி அடிபட்டா அது உங்க பாடு. ரோட்ல போறவங்களுக்கு ஒண்ணு ஆச்சின்னா, அவங்களுக்குக் குடுக்கத்தான்யா இந்த இன்சூரன்ஸ். அது இல்லாம வண்டி ரோட்டுக்கே வரக்கூடாது. ஓட்டினவர் மேல கேஸ், ஓட்ட வுட்ட ஓனர் மேலயும் கேஸ். வண்டி இங்கியே இருக்கும். அந்தம்மாவுக்கு ஈடா கோர்ட்ல ஏதாவது கட்டாம வெளிய வராது." அப்பாவுக்குக் கடைசியில் சொன்னது எதுவும் ஏறவில்லை. தன்மேல் கேஸ் என்பதோடு நின்றுவிட்டார். நிலவரியைக்கூடக் கெடு தாண்டிக் கட்டியதில்லை அவர்.

ஸ்டேஷனுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே நாங்கள் உட்கார்ந்ததும், யாரும் கூப்பிடாமலே ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் நாலு பேனா. "இன்சூரன்ஸ் இருக்கற வண்டி ஏதாவது தெரிஞ்சவங்ககிட்ட இருக்குதா? அந்த நம்பரப் போட்டு, அதான் இடிச்சிச்சின்னு மாத்திக்கலாம். கம்பெனி கட்டிட்டுப் போறான்" என்றார். என் கணவர் முகம் பளிச்சென்று ஆனது. தோஸ்த்தின் வண்டி ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீ சிந்தியது. "கால ஒடச்சாச்சி. இப்ப பொய்க் கேசு வேற போட்டு மாமனும் மாப்பிள்ளையும் ஜோடியா உள்ள போங்க. சாப்பாடு நான் கொண்ணாந்து குடுக்கறேன்" என்று கத்தினேன். டீக்கடைக்காரர் மட்டும் சிரித்தார். நான் கத்தியிருக்கவே வேண்டாம். கூட்டம் எடுத்த போட்டோ அதற்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றிவிட்டது. கரும்பும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரிந்தன. நாலு பேனாக்காரர் டீக்கான காசைக்கூட எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு பேரும் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். ஒருவருக்குக் கவனமில்லாமல் ஓட்டியதற்கு, இன்னொருவருக்கு இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்ட விட்டதற்கு. தொகை பெரிதாக இல்லை. அதோடு கேஸ் முடிந்தது என்று இவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஆம்பூரில் நல்லது நடந்தாலும் பிரியாணி, கெட்டது நடந்தாலும் பிரியாணி. அன்றைக்கும் வாங்கினோம். அப்பா கீழே உட்கார்ந்து சாப்பிட்டார், மாப்பிள்ளை மாடியில் சாப்பிட்டார். தயிர்ப் பச்சடியை நான் மேலும் கீழும் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

பிரியாணி செரித்துக் கொஞ்ச காலத்தில் வேலூரிலிருந்து சம்மன் வந்தது. விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட். அந்தப் பெண் கேஸ் போட்டிருந்தாள். முதல் எதிர் மனுதாரர் என் கணவர், இரண்டாவது அப்பா. பயந்துபோய் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"அபராதம் கவர்ன்மென்ட்டுக்கு. கால் ஒடஞ்சவங்களுக்கு யாரு குடுப்பாங்க? இன்சூரன்ஸ் இருந்திருந்தா அவங்க கட்டியிருப்பாங்க. இல்லேல்ல? ஓட்டினவரும் ஓனரும் கட்டணும். கட்டலன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணுவாங்க. மாப்பிள்ளை பேர்ல என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க" என்றேன். வாடகை வீடு.

"அப்பா பேர்ல?"

யாரும் பேசவில்லை. அப்பா துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். வக்கீலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அப்ப அந்த நிலந்தான் போவும்" என்றார்.

அப்பா மெதுவாக, "வண்டிய நான் கல்யாணத்துலயே மாப்பிள்ளைக்கு சீரா குடுத்துட்டேனுங்களே. ஊரே பாத்துச்சே" என்றார்.

வக்கீலம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அய்யய்யோ, அத மட்டும் கோர்ட்ல சொல்லிடாதீங்க. ஆர்.சி. உங்க பேர்ல இருக்கற வரைக்கும் சீருன்னாலும் நீங்கதான் ஓனர். பொறுப்பு கொறையாது. அதுக்கு மேல, வரதட்சணையான்னு கேப்பாங்க. குடுத்தவருக்கும் கேசு, வாங்கினவருக்கும் கேசு."

ஒரு கரும்புக் கட்டை எடுத்துவரப் போய் எத்தனை சட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தெர்மோகோல் சாவி போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். என் முகம் பாதிதானே தெரிகிறது, எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அதற்குப் பிறகு அப்பா பாதி ஆளாகிவிட்டார். நிலம் போய்விடும் என்று முடிவே செய்துவிட்டார். நடவு நேரத்தில் நடவு போடவில்லை. "யாருக்கோ போவப்போற நிலம், அதுல எதுக்கும்மா?" என்றார். எனக்கு அவர்மேல் பாவமும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மாப்பிள்ளையைப் பாதிக்குக் கேட்கலாமே என்றேன். "மாப்பிள்ளைகிட்ட எப்பிடிம்மா கேக்கறது?" என்றார். அதே பாட்டு. என் கணவரோ அந்தப் பேச்சை எடுத்தாலே பல் விளக்கப் போய்விடுவார். அந்த நாட்களில் அவர் பல் நன்றாக வெளுத்திருந்தது.

அந்தப் பெண்ணை இடையில் ஒரு முறை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். காலில் கம்பி. ஊன்றுகோலோடு நடந்தாள். மெஷின் பெடலை இடது காலால் அழுத்த வரவில்லை என்று நூல் வெட்டுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்களாம். சம்பளம் கம்மி. "கேசு போட்டதுக்குக் கோவமாக்கா?" என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கேஸ் மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. இரண்டு பக்கமும் மேசையில் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்கிற இடம். அன்றைக்கு வேலூர் கோர்ட்டில் கூட்டம். உட்கார ஒரே பெஞ்சுதான். அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அப்பா ஒரு தூணருகில், என் கணவர் இன்னொரு தூணருகில்.

"ஏன்க்கா, அவங்க ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள்.

இல்லை, மரியாதை என்று சொல்லி, இன்சூரன்ஸ் கதையை முழுவதும் சொன்னேன். பட்டன் போன், மாடிப்படி, இரண்டு தலையாட்டல், எல்லாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, தன் காலைத் தடவிக்கொண்டே, "அவங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசிக்கல, அதுக்கு இந்தக் கால வெச்சிகினு நான் கோர்ட்டுக்கு அலையணுமாக்கா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கூப்பிட்டார்கள். மேசைக்கு முன்னால் அப்பாவுக்கும் என் கணவருக்கும் நடுவில் எனக்கு நாற்காலி. தொகை பேசி முடிந்தது. நீதிபதி நிமிர்ந்து, "யார் கட்டறீங்க?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "அய்யாகிட்ட சொல்லும்மா, நிலத்த வித்துக் கட்டிடறேன்னு."

என் கணவரும் என்னைப் பார்த்தார். "உங்க அப்பாகிட்ட சொல்லு, நிலத்த எல்லாம் விக்க வேணாம்னு."

"மாப்பிள்ளைக்கு எதுக்குக் கஷ்டம்னு சொல்லும்மா."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இங்க யாரு யாருகிட்ட பேசறீங்க?"

"மாமனார் மாப்பிள்ளை, அய்யா" என்றார் வக்கீலம்மா, அது ஏதோ சட்டப் பிரிவு போல.

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த என் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டேன். "இனிமே நான் ஒரு வார்த்தையும் கொண்டு போவமாட்டேன். அன்னிக்கே நேரா ஒரு வார்த்த பேசியிருந்தா இவங்களுக்கு எப்பவோ பணம் வந்திருக்கும். பேசறதுன்னா பேசுங்க, இல்லன்னா நிலம் போவட்டும்" என்றேன். கோர்ட்டில் சத்தம் போடக் கூடாது என்று தெரியும். நீதிபதி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் மாப்பிள்ளை இருப்பாரோ என்னவோ.

என் நாற்காலி இல்லாததால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டியதாயிற்று. என் கணவர் எழுந்து நின்றார். மாமனார் முன்னால் உட்கார்ந்து பேச அவருக்கு வரவில்லை.

"மாமா, நிலத்த விக்காதீங்க. நான் கட்டறேன். வண்டி என்னுதுதான்."

வக்கீலம்மாவுக்குப் புரையேறிவிட்டது. நீதிபதி அந்தக் கடைசி வார்த்தை காதில் விழாதது போலத் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினார்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கேக்கணும்னுதான் இருந்துது மாப்பிள்ளை. வாய் வரலீங்க" என்றார். அவர்கள் நாலு வருடத்தில் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

என் கணவர் தவணையில் கட்டுவது என்றும், அதுவரை அப்பாவின் நிலம் ஈடாக நிற்கும், விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது என்றும் எழுதினார்கள். ஸ்டேஷனில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காரைக் கோர்ட் மூலமாக விற்று, அந்தப் பணமும் அவளுக்குப் போனது. வாங்குகிறவர் பார்க்க வந்தபோது, யார் ஓட்டிய வண்டி என்று கேட்டாராம். டாக்டர் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

என் கணவர் கம்பெனியில் லோன் போட்டார், பழைய பைக் ஒன்றில் போய்வந்து ஓவர்டைம் பார்த்தார், ஒரு தவணையும் தவறாமல் கட்டினார். இதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். போன வருடம் கடைசித் தவணையும் முடிந்தது. நிலத்தை விடுவித்த உத்தரவு அப்பா கைக்குப் போன வாரத்திலேயே அவர் நாற்று விட்டுவிட்டார் என்று பெரியப்பா சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் என் கணவரின் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் என்னிடம் நீட்டினார். "உங்க அப்பா."

"உங்களுக்குத்தானே பண்ணியிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்பீக்கரில் போட்டார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார், அப்பா அந்த அறையிலேயே இருப்பது போல.

"சொல்லுங்க மாமா."

அந்தப் பக்கம் அப்பா இரண்டு தரம் கனைத்தார். வயலில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, நல்லா இருக்கீங்களா? உங்க பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன் மாமா."

"சரிங்க மாப்பிள்ளை, வெச்சிடறேன்."

அவ்வளவுதான் பேசினார்கள். பேசி முடிக்க ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இந்தப் பேச்சு முன்னாலேயே நடக்காததால்தான், பள்ளிகொண்டா பக்கத்தில் இன்னும் இடது காலை இழுத்து இழுத்து நடந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிற ஒருத்தி, அந்தக் காலுக்கான பணத்தைத் தவணை தவணையாக வாங்கினாள்.